அட்டையும் அகமும்

தமுக்கத்தில் புத்தகத் திருவிழா என்றால் நம் கால் வீட்டில் தங்குவதில்லை. கையிலுள்ள காசு குறைகிறது. பையிலுள்ள சுமை பெருகுகிறது. நம்மை முதலில் அழைப்பது அட்டைதான். அழைக்கட்டும்! ஆனால், அது எங்கே அழைத்துச் செல்கிறது? அதுவன்றோ கேள்வி!

கதை ஏழை உழவனைப் பற்றியது. அட்டையிலோ கண்ணீர் ததும்பும் கட்டழகி! உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இதனை ஓவியம் என்பதா, ஏய்ப்பு என்பதா?

இந்த வழக்கத்தை மாற்றிக் காட்டியவர்களுள் தலையானவர் ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008). 1960களின் இறுதியில் காந்தியாரைக் கோடுகளாலேயே தீட்டிய அந்தக் கை, சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் புதுமுகம் தந்தது. தலைப்பெழுத்துக்கும் புதுவடிவம் வகுத்தது. நம் உள்ளங்கவர்ந்த கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது, அதற்கு ஓவியம் வரைந்தவரும் அவரே. மதுரைக்குத் தெற்கே வெயிலில் வெடித்துக் கிடக்கும் மண்ணின் எழுத்துக்கு, பூச்சற்ற கோடு! எழுத்தாளன் சொன்னதை ஓவியன் மறைக்கவில்லை, துலக்கினான்.

எனினும் தோழர்களே, நல்ல அட்டையும் திறந்தால்தான் நூல்! சரசுவதி பூசையன்று நூல்களை அடுக்கிச் சந்தனமிட்டு, 'இன்று படிக்காதே' என்பார்கள். வாங்கிய நூலைக் கண்ணாடிப் பேழையில் அழகுக்கு அடுக்கி வைப்பதும் அதே பூசைதான். ஆண்டு முழுவதும் நடக்கும் பூசை!

வாங்க வழியில்லையா? 2023 சூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் மதுரைப் புதுநத்தம் சாலையில் காத்திருக்கிறது.

அட்டையைப் பாராட்டுவோம், அகத்தைப் படிப்போம், படித்ததை ஊருக்கு எடுத்துரைப்போம்!