நாகம்மாள் கேட்ட பங்கு

ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-ல் வெளிவந்தது. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். கதை கொலையில் முடிகிறது. அவள் பேராசைக்காரி என்றார் என் பொள்ளாச்சி நண்பர். அவர் தென்னந்தோப்புக்காரர், தேங்காயை விற்று அரிசி வாங்குகிறவர். 1960-களில் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் வருமுன், கொங்கு நாட்டு மேட்டாங்காட்டில் விளைந்த சோளமும் கம்பும்தான் பல குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் சோறு. காடு யார் பேரில் இருந்ததோ அவரே குதிரையும் ஆண்டார். குழந்தையோடு நிற்கும் விதவை, பிறர் அளந்து போடுவதைத்தான் உண்ண வேண்டும். நாகம்மாள் தனக்கென்று ஒரு குதிர் கேட்டாள் என்றே நான் படிக்கிறேன். கெட்டியப்பனின் தூண்டுதலுக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது ஆசிரியர் அந்தக் குதிருக்குக் கொடுத்திருக்கலாம். என் குறை அது ஒன்றுதான்.