மலைக்காட்சியும் மாந்தர் குரலும்: மாணவர் குறும்படங்களிற் களம் பற்றிச் சில குறிப்புகள்

குறும்படமொன்றை நெறிப்படுத்த முற்படும் மாணவர் குழுவை முதலில் எதிர்கொள்ளும் வினா கதை பற்றியதன்று, களம் பற்றியது. கமரா யாருடைய நிலத்தில், யாருடைய அனுமதியுடன் நிற்கின்றது என்பன அழகியலுக்குப் புறம்பான நிருவாக விடயங்களாகவே நமது விமரிசனத்திற் கருதப்பட்டு வந்துள்ளன. அவை அழகியலின் உள்ளே அடங்குவன என்பதே எமது கருத்து. பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையிலுள்ள கெலிஓயாவை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே கடைத்தெருவிற் புழங்கும் சிறு நகரம் அது. அயலிலே ஹந்தானை மலைச்சாரல். பல்கலைக்கழக மாணவருக்கோ எட்டிவிடும் தூரம்.

இம்மலைகள் கமராவுக்குப் புதியனவல்ல. 1934இல் பேசில் ரைட் இயக்கிய 'சோங் ஒவ் சிலோன்' இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் நிதியில் உருவானது. அதன் விவரணத்துக்கு ஆதாரமான நூலை எழுதியவர், 17ஆம் நூற்றாண்டிற் கண்டி இராச்சியத்திற் கைதியாயிருந்து, உடுநுவரை எலதெத்தையிலும் வாழ்ந்த ரொபேட் நொக்ஸ். விவரணத்தை வாசித்தவர் லயனல் வென்ற். வணிகத்தின் குரல்களைக் கொண்ட அதன் மூன்றாம் பகுதியில், உழைப்பின் காட்சிகள் மீது சந்தை நிலவரங்களும் வர்த்தகச் செய்திகளும் அடுக்கடுக்காய் ஒலிக்கின்றன. உற்பத்திக்கும் மூலதனத்துக்குமுள்ள உறவை ஒலிச்சேர்க்கையாலேயே உணர்த்திய அரிய சாதனை அது. எனினும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அப்படத்தில் வசனமில்லை. விளம்பரத்துக்குப் பணமிட்ட சபையின் எல்லையைக் கலைஞனின் நல்லெண்ணம் தாண்டவில்லை.

அரை நூற்றாண்டின் பின், 1984இல் வெளிவந்த 'இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒவ் டூம்' கண்டிச் சூழலை இந்தியக் கிராமமாக்கியது. அக்கிராமத்தின் பெரியவராக நடித்தவர் சிங்களத் திரைப்பட நடிகர் டி. ஆர். நாணயக்கார, பேசுவதும் சிங்களமே. உலகச் சந்தையில் மலை விலைபோயிற்று. மொழி எதுவாயினும் ஒன்றுதான் என்றாயிற்று! களம் வெறும் பின்னணியாகும்போது மனிதரும் பின்னணியாகி விடுகின்றனர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு மரபுண்டு. 1947இல் முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' தென்னிந்தியக் கலையகத்திலேயே உருவானது. 1956இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' கலையகச் சுவரை விட்டுக் கிராமத்துக்குச் சென்றது. 1969இல் சுகதபால செனரத் யாப்பாவின் 'ஹந்தானே கதாவ' பேராதனை மாணவர் வாழ்வையே களமாக்கியது. தமிழில் 1962இல் 'சமுதாயம்' 16 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்டது. காவலூர் இராசதுரையின் எழுத்தில் தர்மசேன பத்திராஜா நெறிப்படுத்திய 'பொன்மணி' (1977) யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதி, சீதன இறுக்கங்களை அம்மண்ணிலேயே நின்று நோக்கியது. வர்த்தக ரீதியில் அது தோல்வியுற்றமை வேறு விடயம். தமிழகப் படங்களின் பிடியிலிருந்த சந்தையில் அத்தோல்வி வியப்புக்குரியதன்று.

இன்றைய மாணவருக்குப் படச்சுருளின் செலவில்லை. கைத்தொலைபேசியே கமராவாகி விட்டது. உற்பத்திச் சாதனம் எளிதாகக் கைக்கு வந்ததும் பார்வையும் தானாக மாறிவிடும் என நம்பியோர் ஏமாறவே நேர்ந்துள்ளது. பறக்கும் கமராவில் எடுத்த பச்சை மலை, மூடுபனி, வயலின் இசை, தூரத்தே கூடையுடன் பெண்கள்: மலையகத்தைக் களமாகக் கொள்ளும் குறும்படங்கள் பலவற்றின் தொடக்கம் இவ்வாறே அமைகின்றது. உல்லாசப் பயண விளம்பரத்திலிருந்து இதனை வேறுபடுத்துவது யாது?

நெறியாள்கையிலும் வர்க்கம் தொழிற்படுகின்றது. வெளிச்சம் சரியில்லையென்று, பறித்துக்கொண்டிருக்கும் பெண்ணை மூன்றாம் முறையும் நடந்துவரச் சொல்கிறார் நெறியாளர் என வைத்துக்கொள்வோம். தோட்டத்து நாட்சம்பளம் பறித்த கொழுந்தின் நிறையோடு பிணைக்கப்பட்டது. மாணவருக்கு அது ஒரு 'ரேக்'. அவருக்கோ தராசிற் குறையும் நிறை. அந்நேரத்துக்குரிய கூலியைப் படத்தின் செலவுக் கணக்கிற் சேர்க்காத குழு, சுரண்டலைப் பற்றி எத்துணை உருக்கமான வசனம் எழுதினும் பயனென்ன? துரையின் அனுமதி பெற்றவர்கள் தொழிலாளியின் அனுமதியையும் பெறவேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதேயில்லை.

ஒலி பற்றியும் ஒன்று கூறவேண்டும். கெலிஓயாக் கடைத்தெருவில் ஒரே பேரத்திற்குள் தமிழும் சிங்களமும் மாறிமாறி வரும். முஸ்லிம் வியாபாரியின் தமிழ் ஒருவகை, தோட்டத்துத் தமிழ் இன்னொரு வகை. பேருந்து இரைச்சலுக்கு அஞ்சி இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பின்னர் அறையொன்றுக்குள் யாழ்ப்பாணத் தமிழிலோ சென்னைச் சினிமாத் தமிழிலோ குரல் சேர்க்கும் வழக்கம் இன்னும் நீடிக்கின்றது. முகம் மலையகத்தது, குரல் வேறெங்கோ உள்ளது! திரைக்கதை எழுதுமுன்னரே ஒலிப்பதிவுக் கருவியுடன் அக்கடைத்தெருவில் இரண்டொரு நாட்கள் நின்று கேட்டல் வேண்டும். எடுத்த படத்தையும் முதலில் விழா நடுவர்களுக்கன்றி, லயத்து முற்றத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டி அங்குள்ளோருக்குக் காட்டலாம். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே எழுந்து போகிறார்கள் என்பதை அறிந்தபின் படத்தொகுப்பை மீண்டும் தொடங்க நேரலாம்.