நாடோடியும் கள்ளத்தோணியும்

"நம்ம பிள்ளைகளுக்கு நம்ம கதையே தெரியாது. இதுல ஐரோப்பாக் கதை எதுக்கு சேர்?"

ரோமா இனப்படுகொலையைப் பதுளைத் தோட்டப் பாடசாலைகளில் ஒரு பாடவேளையாவது பேச வேண்டும் என்று நான் சொன்னபோது, உடன் படிப்பிக்கும் ஆசிரியை இப்படிக் கேட்டார். தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வி இல்லை. இரவல் துக்கம் எளிது. அதற்கு மெழுகுதிரி போதும்.

அவர் பக்கம் வலுவான காரணங்கள் உண்டு. 1944 ஆகஸ்ட் 2 இரவு, அவுஷ்விட்ஸ்-பிர்கெனா முகாமில் ரோமா மக்களையும் அவர்களில் ஒரு பிரிவான சிந்திகளையும் குடும்பம் குடும்பமாக அடைத்து வைத்திருந்த பகுதியை நாஜிகள் காலி செய்தார்கள். சுமார் 4,300 பேரை நச்சுவாயு அறைக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்ட ரோமா மக்களின் தொகை குறைந்தது 2½ லட்சம், 5 லட்சம் வரையிலும் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஓர் அரசு திட்டமிட்டுச் செய்த வேரறுப்பு அது. மலையகத்தில் நடந்தது வேறு. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது; கொல்லவில்லை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஆட்களை எண்ணிப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று. இது பெரிய அநீதி. ஆனால் இதற்கும் இனப்படுகொலை என்ற சொல்லையே ஒட்டினால் இரண்டு கதையும் மங்கிப்போகும். இந்த அளவுக்கு ஆசிரியையோடு நான் உடன்படுகிறேன்.

ஆனால் ரோமா கதை 1945-இல் முடியவில்லை. நம் ஊவா மாகாணத்துக்கு வேண்டிய பாடம் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

கொலைக்கு முன்னால் காகிதம் வந்தது. பெர்லினில் ரொபர்ட் ரிட்டர் நடத்திய இனச் சுகாதார நிலையம் ரோமா, சிந்தி மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, வம்சாவளி வரைந்து, சுமார் 24,000 அறிக்கைகள் எழுதி வைத்தது. போர் முடிந்தும் அந்தக் கோப்புகள் அழியவில்லை. தப்பி வந்தவர்களுக்கு எதிராகவே பயன்பட்டன. 1956-இல் மேற்கு ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், 1943-க்கு முன் நடந்த நாடுகடத்தல்கள் இனப்பகையால் நடந்தவை அல்ல, குற்றத்தடுப்பு நடவடிக்கைகளே என்றது. செத்தவர்களையே குற்றவாளியாக்கிய தீர்ப்பு. "நாடோடிகள்" என்ற ஒரு சொல் அதற்குத் துணை நின்றது. ஜெர்மன் சிந்திகளில் பலர் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் குடியிருந்தவர்கள். நம்மைக் "கள்ளத்தோணி" என்றார்களே, அந்தச் சொல்லும் இதே வேலையைத்தான் செய்தது. இந்த மண்ணில் உனக்கு வேர் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டால், மற்றதெல்லாம் சுலபம்.

அதை மாற்றியது மெழுகுதிரி அல்ல. 1980-இல் ஈஸ்டர் காலத்தில், தஹாவ் நாஜி முகாம் இருந்த இடத்திலேயே சிந்தி மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பொலிஸிடம் இருந்த தங்கள் கோப்புகளுக்குக் கணக்குக் கேட்டார்கள். 1981-இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து உட்கார்ந்து, அங்கே கிடந்த நாஜிக் கால ஆவணங்களை அரச ஆவணக்காப்பகத்துக்கு மாற்ற வைத்தார்கள். 1982-இல்தான் மேற்கு ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் ஷ்மித், நடந்தது இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டார். போர் முடிந்து 37 ஆண்டு!

இனி நம் மாவட்டம். 1983 ஜூலை 27 நண்பகல், பதுளைக் கடைத்தெருவில் தமிழர் கடைகளைக் கொளுத்திக்கொண்டு போனது ஒரு கும்பல். பிறகு பண்டாரவளை, ஹாலிஎல, வெலிமடை. இருட்டுமுன் லுணுகலை. 83 ஜூலை என்றால் நாம் கொழும்பையும் வெலிக்கடைச் சிறையையும் பேசுகிறோம், சொந்த ஊரை விட்டுவிட்டு. 2000 ஒக்டோபர் 25 காலை, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து 27 தமிழ் இளைஞர்களைக் கொன்றது. ஆயுதம் தாங்கிய பொலிஸார் அங்கேயே நின்றார்கள். 2003-இல் 5 பேருக்கு மரண தண்டனை கிடைத்தது. 2005 மே முடிவதற்குள் மேன்முறையீட்டில் அத்தனை பேரும் விடுதலை. இறந்தவர்கள் பெரும்பாலும் வடக்கு கிழக்குப் பிள்ளைகள். அதனால் தோட்டங்களில் இது "அவங்க கதை" ஆகிவிட்டது. இதை என்னால் ஏற்கமுடியவில்லை. நம் மாவட்டத்தில், நம் பஸ் போகும் பாதையோரம் நடந்த கொலை அது.

2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த மலையகம் 200 நடைபயணத்தை நான் உயர்வாகவே மதிக்கிறேன். இந்தியாவிலிருந்து நம் முன்னோர் வந்த வழியை அது காலால் எழுதிக் காட்டியது. வந்த வழியைப் போலவே வீடு எரிந்த நாளும் நினைவில் நிற்க வேண்டும்.

ஆகவே என் முடிவு: ரோமா வரலாற்றை ஊவாவில் படிப்பிக்கத்தான் வேண்டும், இரண்டு நிபந்தனையோடு. அடுத்த பாடவேளை பதுளையும் பிந்துனுவெவவும். சிங்களப் பாடசாலைகளிலும் அதே இரண்டு. ரோமா மக்களிடம் நாம் வாங்க வேண்டியது இனப்படுகொலை என்ற சொல்லை அல்ல, காகிதத்தைக் கேட்டு வாங்கும் பிடிவாதத்தை. இந்த நிபந்தனைகள் இல்லாவிட்டால் ஆசிரியை சொன்னதே சரி.

போன தவணையில் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டில் இருக்கிற ஆகப் பழைய தாளைக் கொண்டுவாருங்கள். தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது ஒன்று வந்தது. சம்பளச் சீட்டு ஒன்று வந்தது. ஹாலிஎலப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி 1984-ஆம் ஆண்டுத் தாள் ஒன்றை நீட்டினாள். இதற்கு முந்தியது இல்லையா என்று கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் எரிஞ்சிருச்சாம் சேர். அம்மாயி சொன்னாங்க."

ஏன் எரிந்தது என்று அவள் அதுவரை கேட்டதில்லை.