ஒளி படுவது ஓரிடம், காந்தம் மாறுவது வேறிடம்

பிளஸ் டூ செய்முறையில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்குப் பொட்டாசியம் பெரோசயனைடைத் தெரியும். காப்பர் உப்புக் கரைசலில் விட்டால் சாக்லேட் நிறத்தில் வீழ்படிவு இறங்கும். பெரிக் உப்பில் விட்டால் கருநீலம். அந்த நீலம்தான் பிரஷ்யன் நீலம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் சாயம் தயாரித்த ஒருவரின் கையில் தற்செயலாகப் பிறந்தது. ஒளியால் காந்தத்தை மாற்ற முயல்கிறவர்களில் பலர் இந்தச் சேர்மக் குடும்பத்தை நம்பியிருக்கிறார்கள்.

இதன் கட்டமைப்பில் சிக்கல் இல்லை. இரண்டு உலோக அயனிகள், நடுவே ஒரு சயனைடு பாலம். இதுவே எல்லாப் பக்கமும் நீண்டு கனசதுரக் கூடாகிறது. உலோகத்தை மாற்றினால் குணம் மாறும். 1995இல் பாரிஸில் மிஷேல் வெர்தாகேர் குழு வனேடியத்தையும் குரோமியத்தையும் வைத்து, 315 கெல்வின் வரை காந்தமாக இருக்கும் சேர்மத்தைச் செய்தது. 315 கெல்வின் என்பது 42 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் அரியலூருக்குத் தெற்கே உள்ள திருமானூருக்குக் கொண்டுவந்தால் காந்தத்தை இழக்கும் விளிம்புக்கு வந்துவிடும்!

அடுத்த ஆண்டு ஜப்பானில் ஒசாமு சாத்தோ, கசுஹிதோ ஹஷிமோத்தோ முதலியோர் கோபால்ட்டும் இரும்பும் கொண்ட உறவுச் சேர்மத்தின் மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். இருட்டில் அதன் பெரும்பகுதியில் காந்தத்துக்கு வழியில்லை. இரும்பிலும் கோபால்ட்டிலும் எலக்ட்ரான்கள் இணை இணையாக அடங்கியிருந்தன. ஒளி பட்டதும் இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் கோபால்ட்டுக்குத் தாவ, இரண்டிலும் இணையில்லா எலக்ட்ரான்கள் வந்தன. காந்த ஒழுங்கு தோன்றும் வெப்பநிலை 16 கெல்வினிலிருந்து 19க்கு ஏறியது. விளக்கை அணைத்த பிறகும் அந்த நிலை நீடித்தது. நீல ஒளி அதைத் திரும்பக் குறைத்தது.

பெரும்பாலான அறிமுகங்கள் எலக்ட்ரான் தாவியதோடு கதையை முடித்துவிடும். அதனுடன் நடக்கும் இன்னொன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோபால்ட்டுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு ஏறத்தாழ 0.2 ஆங்ஸ்ட்ராம் நீளுகிறது. கூடு முழுவதும் உப்பி, அதன் பக்க நீளம் 3 சதவீத அளவுக்குக் கூடுகிறது. படிகத்துக்கு இது சின்ன அசைவல்ல.

புளோரிடா பல்கலைக்கழகத்தில் டேனியல் டால்ஹாம், மார்க் மெய்சல் இருவரின் குழுக்கள் இந்த உப்பலையே கருவியாக்கின. கோபால்ட்-இரும்புச் சேர்மத்தோடு நிக்கல்-குரோமியம் சேர்மத்தை மாற்றி மாற்றி வளர்த்து, 50 முதல் 100 நானோமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளாகத் துகள்களைச் செய்து 2011இல் வெளியிட்டார்கள். நிக்கல்-குரோமியம் 70 கெல்வினிலேயே காந்தமாகிவிடும். ஆனால் தனியாக வைத்தால் ஒளிக்கு மசியாதது. அடுக்கில் அதுவும் மாறியது. ஒளி பட்டபின் அதன் காந்தவாக்கமும் நகர்ந்தது, அப்படியே நின்றது.

இது எப்படி என்பதை மண்ணை வைத்துப் புரிந்துகொள்ளலாம். திருமானூரில் கொள்ளிடக் கரையோரம் வண்டல். வடக்கே அரியலூர்ப் பக்கம் போகப் போகக் கரிசல் தலைகாட்டும். மழை குடித்த கரிசல் உப்பும்போது மேலே நிற்கிற சுவர் வெடிக்கும். சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்காது. நிக்கல்-குரோமியம் அடுக்குக்கு நேர்வதும் அதுதான். ஒளியை வாங்குவது பக்கத்து அடுக்கு. இதற்கு வந்து சேர்வது வெறும் நெருக்குதல். அந்த நெருக்குதலில் அணுக்கள் இடம்பிசகினால், காந்தத் திருப்புத்திறன்கள் எந்தத் திசையில் நிற்க விரும்புமோ அந்த விருப்பமும் பிசகும் என்பதே இப்போதைய விளக்கம்.

இந்த இடத்தில், வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணனைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. ராமன் விளைவோடு மட்டும் அவரை நினைப்பது நம் பழக்கம். 1930களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் செய்தது வேறு: சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளந்தார். ஒரு படிகத்தின் காந்தகுணம் திசைக்குத் திசை வேறுபடுவதையும், உலோக அயனியைச் சூழ்ந்த அணுக்கள் அதில் கைவைப்பதையும் அந்த அளவுகள் காட்டின. புளோரிடாக்காரர்கள் அதே சூழ்ந்த அணுக்களை ஒளியால் நகர்த்துகிறார்கள். ஆய்வுத் தொடர்ச்சி என்று இதை நான் சொல்லமாட்டேன். பிடித்துக்கொண்ட நூல் ஒன்றுதான்.

நெருக்குதல் ஒருவழிப் பாதையும் அல்ல. கோபால்ட்-இரும்பு கருவாகவும் நிக்கல்-குரோமியம் அதைச் சுற்றிய ஓடாகவும் அமைந்த துகள்களில், வெளி ஓட்டின் தடிமனை மாற்றிப் பார்த்தபோது கருவின் நடத்தையும் மாறியது. உப்ப நினைக்கிற கருவை ஓடு இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையிலிருந்து விலக விலக நெருக்குதலால் வரும் திரிபு தளரும் என்பதால், ஓட்டைத் தடிமனாக்கினால் அதன் வெளிப்பகுதி எதையும் உணராது. மெல்லிதாக்கினால் காந்தப் பொருளே குறைவு. பாரிஸ் அருகே பலேசோவில் எக்கோல் பாலிடெக்னிக் ஆய்வாளர்களும் இந்த இழுபறியைத்தான் துருவியிருக்கிறார்கள்.

துகள் செய்வது தண்ணீரில் நடக்கிற வேலை, உலை வேண்டாம். அளப்பதற்குத்தான் திரவ ஹீலியம் வேண்டும். 70 கெல்வின் என்பது மைனஸ் 203 டிகிரி. கருவில் ஒளி ஏற்படுத்திய உப்பலும் 150 கெல்வினை நெருங்குவதற்குள் அழிந்துபோகிறது. வனேடியம்-குரோமியம் போல வெயில் தாங்கும் ஓடு கிடைத்தாலும், அதை நெருக்குகிற கரு அந்தச் சூட்டில் தன் நிலையைக் காப்பாற்ற வேண்டுமே. இதற்கிடையே 2014இல் டால்ஹாம் குழு கோபால்ட்-இரும்பை விட்டு, எலக்ட்ரான்களின் சுழற்சிநிலை (spin state) மாறும் இரும்புச் சேர்மம் ஒன்றை, முற்றிலும் வேறு அமைப்புள்ள கூட்டை, நிக்கல்-குரோமியத்தோடு இணைத்துப் பார்த்தது. காந்தம் அங்கும் மாறியது. கூடுகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டிய அவசியம் இல்லையென்றால், கருவுக்கான தேடல் இந்த நீலக் குடும்பத்துக்கு வெளியேயும் போகலாம்.