மேஸ்திரியின் காது
பழைய வீடு வாங்குகிறவர் பத்திரம் பார்க்க வக்கீலிடம் போவார். சுவரைப் பார்க்க ஒரு மேஸ்திரியையும் கூட்டிப் போக வேண்டும். கைதேர்ந்த மேஸ்திரி புதுப் பெயின்டில் மயங்கமாட்டார். விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். 'டக்' என்றால் பூச்சு கல்லோடு ஒட்டியிருக்கிறது. 'டொப்' என்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அடிச்சுவரைத் தடவுவார், உப்பு பூத்த மாவு விரலில் ஒட்டினால் ஈரம் ஏறுகிறது. பூச்சில் ஓடும் மயிரிழை விரிசலைத் தாண்டிப் போகிறவர், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் அகன்ற விரிசலில் நின்றுவிடுவார்: அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். குளியலறையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். கடைசியாக, சுவர் நேராக நிற்கிறதா என்றறியத் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். ஆயுள் சேமிப்பைக் கொடுக்கும் முன், அந்தக் காதுக்கும் கைக்கும் கொடுக்கிற கூலிதான் வீட்டுக்கு உண்மையான கடைக்கால்.