ஜன்னலுக்கு வெளியே நிற்பவன்

செரினேட் பற்றிப் பேச்சு வந்தாலே, "நம்ம இரவுக்குறியும் அதுதானே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். ராத்திரி, அடைத்த வீடு, வெளியே காதலன். எல்லாம் பொருந்துகிறது, பாட்டைத் தவிர.

செரினேட் என்ற பெயரின் வேர் இத்தாலிய 'செரேனோ', அதாவது தெளிந்த வானம். மாலையைக் குறிக்கும் 'சேரா'வும் பின்னால் அதோடு ஒட்டிக்கொண்டது. மழையில்லாத ராத்திரியில் வெட்டவெளியில் பாடுகிற சங்கதி. எங்க குலசேகரத்தில் மழைக்காலத்து ராத்திரி ரப்பர் தோட்டத்துக்குள் நின்று பாடினால் குரல் ஜன்னல் வரை போகாது. போனாலும் முதலில் பதில் சொல்வது நாய்தான்.

சங்கப் புலவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அம்மா தூங்கவில்லை, நாய் குரைக்கிறது, ஊர்க்காவலர் சுற்றுகிறார்கள், போதாததற்கு நிலா வேறு. சந்திப்பு தவறிப்போவதற்கு அவர்கள் அடுக்கும் காரணங்கள் இவை. இதற்கு நடுவில் எவன் பாடுவான்? குறுந்தொகை, அகநானூற்றுத் துறைக் குறிப்புகளைப் புரட்டிப் பாருங்க. தலைவன் 'சிறைப்புறம்' நிற்பான், வேலிக்கு அந்தப் பக்கம், வாய் திறக்காமல். பேசுவது பெரும்பாலும் தோழி. தலைவியிடம் பேசுகிற சாக்கில் அவன் காதில் விழும்படி சொல்லுவாள்: வருகிற வழி ஆபத்து, ஊர் பேசுகிறது, கல்யாணம் எப்போ? செரினேடை அப்படியே திருப்பிப் போட்டதுபோல, குரல் உள்ளேயிருந்து வெளியே போகிறது. அவன் கேட்பது இந்த ராத்திரியை. அவள் கேட்பது மிச்ச ஆயுளை. பாட்டின் கனமெல்லாம் அதில்தான் இருக்கிறது. இரவுக்குறியைச் செரினேட் என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி காதில் விழாமலே போய்விடும்.

மடலேறுதல் உண்டே என்பீர்கள். அது ஊரைக் கூட்டி நியாயம் கேட்பது, ஜன்னலைப் பார்த்துப் பாடுவதல்ல.

வெளியே நின்று பாடுகிறவனை மேற்கிலும் முழுசாக நம்பவில்லை. 1787இல் பிராகில் அரங்கேறிய மோட்ஸார்ட்டின் 'டான் ஜியோவான்னி'யில் அவன் மாண்டலினோடு ஜன்னலடியில் உருகிப் பாடுகிறான், வேலைக்காரனின் உடுப்பைப் போட்டுக்கொண்டு. நம்ம 'அடுத்த வீட்டுப் பெண்' (1960) இன்னும் ஒரு படி மேலே. ஜன்னலில் நின்று அஞ்சலிதேவிக்காக வாயசைப்பவர் டி.ஆர்.ராமச்சந்திரன், பின்னால் ஒளிந்து பாடுபவர் தங்கவேலு. அந்தத் தங்கவேலுவுக்கும் குரல் கொடுத்தவர் ஒரு பின்னணிப் பாடகர்!