லூகரும் பஃபிங் சக்கரமும்

துருப்பிடித்த பழைய கைத்துப்பாக்கியைப் புதுசாக்கிக் காட்டும் காணொளிகள் யூடியூபில் ஏகத்துக்கும் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் திரைக்கதை ஒன்றுதான். முதலில் மண்ணும் துருவும் அப்பிய இரும்புத் துண்டு. பேச்சே கிடையாது. திருகு கழலும் சத்தம், வினிகர் தொட்டி, கம்பி பிரஷ், உப்புத்தாள், பஃபிங் சக்கரம். கடைசியில் முகம் பார்க்கலாம் போல மின்னும் ஒரு துப்பாக்கி மெதுவாகச் சுழலும். ராத்திரி வேலை முடிந்து பார்க்க சுகமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. என் புகார் அந்தக் கடைசிக் காட்சியின் மேல்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை. முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் லூகர் பிஸ்டல்களின் முத்திரைகளைப் புகைப்படங்களில் படிப்பது என் பொழுதுபோக்கு. அப்படிப் படிக்கிறவனுக்கு இந்தக் காணொளிகள் வேறு மாதிரித் தெரியும்.

முதலில் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். புளூயிங் என்பது பெயின்ட் இல்லை. இரும்பின் மேற்பரப்பே மேக்னடைட் என்கிற கறுப்பு ஆக்சைடாக மாறுவதுதான் அது. கனம் ஒரு மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். அடியில் ஒரு கீறல் இருந்தால் அதை மூடி மறைக்கிற சக்தி அதற்குக் கிடையாது. அதனால் ஒரு துப்பாக்கியின் அழகு பெரும்பாலும் சாயத் தொட்டிக்குப் போகும் முன்பே முடிவாகிவிடுகிறது. 1955இல் கோல்ட் கம்பெனி வெளியிட்ட பைத்தான் ரிவால்வரின் 'ராயல் புளூ'வை இன்றைக்கும் சிலாகிக்கிறார்களே, அது ரசாயனத்தின் ரகசியம் இல்லை, பாலிஷ் போட்டவரின் கைப்பக்குவம். நல்ல பைத்தானை எடுத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பக்கவாட்டில் விழும் பிரதிபலிப்பு அலையாமல் நேர்கோடாக ஓடும். தட்டையான இடம் தட்டையாகவும், விளிம்பு விளிம்பாகவும் இருப்பதால்தான் அப்படி.

காணொளிக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். அவர்கள் கையில் இருப்பது மெத்தென்ற துணிச் சக்கரம். துணி, பள்ளம் கண்ட இடத்தில் உள்ளே இறங்கும். திருகுத் துளையின் மேல் ஓட்டினால் துளையின் வாய் புனல் மாதிரி விரிந்துவிடும். பொறித்த எழுத்தின் மேல் ஓட்டினால் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும் பக்கம் எழுத்தின் கரை கரைந்து, ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மழுங்கல். விளிம்புகள் எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி உருண்டுபோகும். தேர்ந்த கைவினைஞர் உப்புத்தாளைக் கெட்டியான கட்டையில் சுற்றிச் சமதளம் சமதளமாக, ஒரே திசையில், நாள் கணக்கில் தேய்ப்பது இதற்காகத்தான். அது பத்து நிமிடக் காணொளியில் அடங்காது, சரி. ஆனால் பஃபிங் சக்கரத்தின் வேலையை 'மீட்டெடுப்பு' என்று தலைப்பிடுவது நியாயமா? வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கம் நமக்குண்டு. அது எத்தனை முறை தேய்த்தாலும் விளக்குதான். லூகர் கதை அப்படி இல்லை.

ஒரு லூகர் பி08ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அறையின் மேல் தயாரித்த வருடம் பொறித்திருக்கும், 1917 என்று வைத்துக்கொள்வோம். சிலவற்றில் அதற்கு மேலே 1920 என்று இன்னொரு எண். 1920இல் வைமர் ஜெர்மனி, தன் ராணுவ, போலீஸ் கையிருப்பில் இருந்த ஆயுதங்களை வெளியே தனியாரிடம் சிதறிக் கிடந்தவற்றிலிருந்து பிரித்தறியக் குத்திய முத்திரை அது. தோற்ற நாடு, சுருங்கிய ராணுவம், தெருவெல்லாம் துப்பாக்கி என்கிற ஒரு வருடக் கதை நான்கு இலக்கத்தில் இருக்கிறது. பிடியின் முன்பக்கம் எந்தப் படைப்பிரிவு என்கிற குறியீடு இருக்கலாம். சின்னச் சின்ன பாகங்களில் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். சில முத்திரைகளைச் சாயம் ஏறிய பிறகு குத்தியிருப்பார்கள். உளி இரும்பைச் சுற்றிலும் லேசாக மேலே தள்ளுவதால் எண்ணைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும். அந்த வளையம், எண் அசல் என்பதற்கு ஒரு சாட்சி. பஃபிங் சக்கரம் அதை முப்பது விநாடியில் வழித்துவிடும்.

நிறமும் சாட்சிதான். அந்தக் காலத்து லூகர்களுக்குத் துருப்பிடிக்க வைத்து, கொதிக்கவைத்து, தேய்த்து, திரும்பத் திரும்பச் செய்யும் பழைய முறையில் புளூயிங் செய்தார்கள். விசை, பாதுகாப்புத் தாழ் போன்ற சில பாகங்களை மட்டும் சூடேற்றி வைக்கோல் மஞ்சளாக விட்டார்கள். மௌசர் ஆலை 1937இல் கொதிக்கும் உப்புக் குளியலுக்கு மாறியபோது அந்த மஞ்சளும் போனது. ஆக, மஞ்சள் விசை என்பதே ஒரு தேதி. காணொளியில் என்ன செய்கிறார்கள்? எல்லாப் பாகங்களையும் ஒரே கூடையில் போட்டு காஸ்டிக் தொட்டியில் முக்குகிறார்கள். 1917 துப்பாக்கிக்கு 1937க்குப் பிந்தைய உடுப்பு. வெளியே மட்டும் நிறம் ஏறியிருக்க வேண்டிய சட்டத்தின் உட்புறமும் கறுத்துவிடுகிறது. எங்கள் தொழிலில் லாக் ஃபைலை எல்லாம் அழித்துவிட்டு, "சர்வர் சுத்தமாக இருக்கு சார்" என்று ஒருவர் வந்து நின்றால் கைதட்ட மாட்டோம்.

எதிர்வாதமும் உண்டு. சொத்து அவருடையது, தேய்ப்பது அவர் உரிமை. ஆற்றுச் சேற்றிலிருந்து எடுத்து, எழுத்தே மிஞ்சாமல் அரித்துப்போன இரும்பில் இழக்க எதுவும் இல்லை என்றால் தாராளமாகத் தேய்க்கட்டும். வைமர் காலத்து ராணுவப் பட்டறைகளே பழைய லூகர்களைப் பிரித்து மாற்றியிருக்கின்றன. அந்த மறுவேலையும் இப்போது வரலாறுதான். அமெரிக்காவில் டக் டர்ன்புல் போன்றவர்கள் பழைய கோல்ட் ரிவால்வர்களின் சட்டத்துக்கு எலும்புக்கரி, மரக்கரி வைத்தே அசல் முறையில் நிறமேற்றுகிறார்கள். அதை நான் மதிக்கிறேன், எந்தக் காலத்து வேலையை மீண்டும் செய்கிறோம் என்று அங்கே தெரிந்து செய்கிறார்கள். நான் சொல்வது, படிக்கக்கூடிய நிலையில் இருக்கும் துப்பாக்கியைத் தேய்ப்பதைப் பற்றி.

துருவை நிறுத்த வேறு வழி இல்லாமலும் இல்லை. காய்ச்சி வடித்த நீரில் பாகத்தைக் கொதிக்கவைத்தால் செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். பிறகு மெல்லிய எஃகுக் கம்பளியால் வருடினால் தளர்ந்தது மட்டும் உதிரும், நல்ல இரும்பு குறையாது. அந்தப் பழைய புளூயிங்கின் பின்பாதி வேதியியல்தான் இது. முடிவில் கிடைப்பது மங்கலான, திட்டுத் திட்டான, வயசான ஒரு துப்பாக்கி. சுழல்மேசையில் வைத்தால் யாருக்கும் பிடிக்காது, பார்வைகள் குறையும். இந்த வகைக் காணொளி அரிதாக இருக்க அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை இப்படி ஒன்று பார்க்க நேர்ந்தால் சுழலும் கடைசிக் காட்சியை விடுங்கள். முதல் நிமிடத்தில் நிறுத்தி, துருவுக்கு நடுவே வருட எண் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கடைசிக்குத் தாவி அதே எண்ணைத் தேடுங்கள். அனேகமாகக் கேமரா அந்தப் பக்கம் போகாது.